விரல் இறங்கும் வரை

டீச்சருக்குப் பக்கவாதம் வந்து வார்டில் படுத்திருந்தபோது, பார்க்க வந்த டாக்டர் சட்டைப்பையிலிருந்து பேனாவை உருவி அவள் முகத்துக்கு நேரே பிடித்து, "இது என்னம்மா?" என்று கேட்டார். டீச்சர் பேனாவைப் பார்த்தாள். சிவப்பு மையில் ஊரார் வாக்கியங்களை எல்லாம் அடித்துத் திருத்தியவள். அந்தச் சொல் தொண்டைவரை வந்து, எட்டிப் பார்த்து, திரும்பிப் போய்விட்டது. டாக்டர் காது மந்தமானவரிடம் கேட்பதுபோல் குரலை உயர்த்தி மறுபடியும் கேட்டார்.

"டேக் இட் அவே," என்றாள் டீச்சர். அதை அப்பால் கொண்டுபோ என்று அர்த்தம்.

பக்கத்துக் கட்டிலில் இருந்தவள் சிரித்துவிட்டாள். டாக்டரின் முகம் சுருங்கியது. கால்மாட்டில் நின்ற நாத்தனார்தான் சமாளித்தாள். "தப்பா எடுத்துக்காதீங்க சார். அண்ணி இங்கிலீஷ் டீச்சர். கோபம் வந்தா இங்கிலீஷ்லதான் வரும்."

கோபம் பாதிக் காரணம்தான். மீதிக் காரணத்தை டாக்டர் சீப்பு, சாவி, டம்ளர் என்று ஒவ்வொன்றாகக் காட்டிப் பார்த்துக் கண்டுபிடித்தார். வலது கையும் காலும் தளர்ந்திருந்தன. அது கண்ணுக்குத் தெரிந்த சேதம். தெரியாத சேதம் பேச்சில் இருந்தது. பேச்சு போகவில்லை. பேச்சிலிருந்த பெயர்ச்சொற்கள்தான் போயிருந்தன, தமிழிலும் சரி, இங்கிலீஷிலும் சரி. எடு, வை, ஊற்று, மூடு எல்லாம் பத்திரமாக இருந்தன. எதை எடுப்பது, எதை மூடுவது என்பதுதான் காணாமல் போயிருந்தது. சிலருக்கு இப்படி ஆவதுண்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றார் டாக்டர். ஆட்களின் பெயர்கள் முதல் வண்டியிலேயே ஏறிப் போய்விட்டன. கணவரை மட்டும் அவளால் கூப்பிட முடிந்தது. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவரை 'ஏங்க' என்றே கூப்பிட்டு வந்தாள். அது பெயரே இல்லை என்பதால் தப்பிப் பிழைத்துக்கொண்டது.

அதற்கு முன்னால் அவள் யார் என்றும் சொல்ல வேண்டும்.

பேட்டரிக் கடைக்கு மேல் மாடியில் ஒரு டுடோரியல். ஜன்னலைத் திறந்தால் ஆசிட் நெடி, மூடினால் புழுக்கம். அங்கே மாலை வகுப்புக்கு வருகிறவர்கள் எல்லாரும் வேலை முடித்து வருகிற ஆட்கள்: டிரைவர்கள், ஆஸ்பத்திரி ஆயாக்கள், சமையல்காரர்கள், கடைச் சிப்பந்திகள். இங்கிலீஷில் நாலு கேள்வி கேட்டு ஆள் எடுக்கிற வேலைக்கு ஆசைப்பட்டவர்கள். டீச்சர் அவர்களை மேய்த்துக் கட்டினாள். வாக்கியத்தை வாசிக்கும்போது நிறுத்த வேண்டிய இடத்தில் ஆள்காட்டி விரலை உயர்த்துவாள். விரல் இறங்கும்வரை யாரும் மூச்சுவிடக் கூடாது. அதனால் அவளுக்குக் 'கமா' என்று பெயர். படிக்கட்டில் இறங்கும்போது விரலைத் தூக்கிக் காட்டிச் சிரித்துக்கொள்வார்கள். அவளுக்கும் தெரியும். காதில் போட்டுக்கொள்ள மாட்டாள்.

அவளுடைய கைவந்த பாடம், ஒரு வினையோடு அப், டவுன், ஆன், ஆஃப் என்று வால் ஒட்டிக்கொண்டு வரும் வினைகள். கரும்பலகையை நடுவில் கோடு போட்டுப் பிரிப்பாள். "தமிழ்ல எழுந்திருக்கிறது ஒரு சொல்லு, எழுப்புறது வேற சொல்லு. இங்கிலீஷ்காரனுக்கு ரெண்டுக்கும் வேக் அப்தான். அதனால எதை, யாரைன்னு கேட்டுப் பாரு. பதில் வேணும்னா குன்றா வினை, இந்தப் பக்கம். பதிலே வேணாம்னா குன்றிய வினை, அந்தப் பக்கம்." கெட் அப், சிட் டவுன், கோ அவே ஒரு பக்கம். பிக் அப், புட் ஆன், ஸ்விட்ச் ஆஃப் மறுபக்கம். விமானம் தானாக டேக் ஆஃப் ஆகும். சட்டையை நாம் டேக் ஆஃப் செய்ய வேண்டும். ஆகவே அது இரண்டு பக்கமும் வரும்.

விளக்கம் தெளிவானதுதான். ஆனால் அதற்கப்புறம் பட்டியலைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்வாள். ஒருவனை எழுப்பிக் கேள்வி கேட்பாள். அவன் எச்சில் விழுங்குவதற்குள், "சிட் டவுன். அடுத்த ஆள்," என்பாள். சூட்டிகையானவர்கள் பட்டாசு மாதிரி வெடித்தார்கள். மற்றவர்கள் எழுவதும் உட்காருவதுமாகவே பாடத்தை முடித்துவிட்டு, நேர்முகத் தேர்வில் போய் மரம் மாதிரி நின்றார்கள். மண்டை இருந்தால்தானே ஏறும் என்பாள் டீச்சர், இரக்கமில்லாமல்.

இப்போது வீட்டில் அவளே எச்சில் விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பார்த்துக்கொள்ள வந்தது கணவரின் தங்கை, அந்த நாத்தனார். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காலமெல்லாம் இணைப்புக் கொடுத்து ஓய்வு பெற்றவள். எதிர்முனையில் ஒரு நொடி மௌனம் வந்தால் அவளுக்குக் கை பரபரக்கும். வேலையில் குறை சொல்ல முடியாது. சட்டை போடும்போது தளர்ந்த கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது அதைக் கடைசியில் எடுக்க வேண்டும் என்பதை ஒரே தடவையில் பிடித்துக்கொண்டாள். புரையேறாமல் இருக்க மோவாயைத் தாழ்த்தித் தண்ணீர் குடிக்க வைத்தாள். முதுகில் புண் வராமல் புரட்டிவிட்டாள். ஆனால் வாயைத்தான் அவளால் அடக்க முடியவில்லை.

"எடு," என்பாள் டீச்சர்.

"எதை அண்ணி? துண்டா? தட்டா? தைலமா? தலையணையா? சொல்லுங்க, தைலம்தானே?" தைலம் வந்துவிடும். டீச்சர் கேட்டது மூக்குக்கண்ணாடி. அந்தச் சொல் அப்போதுதான் மெல்லப் படியேறி வந்துகொண்டிருக்கும். நாத்தனாரின் நாலு சொற்கள் எதிரே இறங்கி வந்து அதை இடித்துத் தள்ளிவிடும். பிறகு அது அன்றைக்கு முழுவதும் வராது. டீச்சர் தைலப் புட்டியை இடது கையால் நகர்த்தி நகர்த்தி மேஜை ஓரத்துக்குக் கொண்டுபோய் ஒரு தட்டு தட்டுவாள்.

"பாருங்கண்ணே, உங்க பெண்டாட்டி கொழுப்பை."

அண்ணன்காரர் பார்க்க மாட்டார். லேத் பட்டறை வைத்திருப்பவர். இரும்போடு பழகிய மனிதர். வீட்டுச் சண்டையில் தலையிட்டதே இல்லை. ஆனால் அவரும் தன் பங்குக்கு ஒன்று செய்தார். டீச்சருக்கு யார் போன் செய்தாலும் அவரே எடுத்து, "அவங்க ஓய்வெடுக்கிறாங்க," என்று சொல்லி வைத்துவிடுவார். டீச்சர் பக்கத்திலேயே கண் கொட்டாமல் விழித்துக்கொண்டுதான் இருப்பாள்.

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். வகுப்பு எடுக்க வேண்டும். கை சரியாக வேண்டும், நடை சரியாக வேண்டும் என்று மற்றவர்கள்தான் அவளுக்காக ஆசைப்பட்டுக்கொண்டிருந்தார்கள்.

கோல் ஊன்றி வாசல்வரை நடக்கத் தொடங்கிய பிறகு டுடோரியல் முதலாளி வந்தார். கையில் பழமும், வண்ணத்தாள் சுற்றிய ஒரு பெட்டியும். நல்ல மனிதர், நன்றாகவும் பேசுவார். இரண்டும் சேர்ந்த ஆளிடம் கவனமாக இருக்க வேண்டும். டீச்சர் இல்லாமல் டுடோரியலே களையிழந்துவிட்டது என்றார். அதே மூச்சில், புது வாத்தியார் ஒருவரைப் போட்டிருக்கிறேன், பிள்ளை நன்றாக நடத்துகிறார் என்றார். டீச்சர் நிம்மதியாக இருக்க வேண்டும், உடம்புதான் முக்கியம் என்று சொல்லிக்கொண்டே பெட்டியைப் பிரித்து மடியில் வைத்தார். வட்டமான சுவர்க் கடிகாரம். அடியில் பித்தளைத் தகடு. அதில் அவள் பெயரைப் பொறித்து, கீழே 'பணி நிறைவுப் பரிசு' என்று வெட்டியிருந்தார்கள்.

டீச்சர் தகட்டை வாசித்தாள். வாசிப்பு அவளை விட்டுப் போகவில்லை. இடது கையால் கடிகாரத்தை அவர் பக்கம் தள்ளினாள்.

"எடுத்துட்டுப் போங்க. நான் இன்னும் முடிக்கலை."

முதலாளி சிரித்து மழுப்பினார். கணவர் செருப்பு வாரைச் சரி செய்வதுபோல் குனிந்துகொண்டார். நாத்தனார், "அண்ணிக்கு ரொம்ப சந்தோஷம், அதான் சொல்லத் தெரியலை," என்று இணைப்புக் கொடுத்தாள். டீச்சர் விடவில்லை. நான் வருகிறேன், நடத்துகிறேன், பாருங்கள் என்பதை வினைகளாலேயே சொல்லி முடித்தாள். கடைசியில் முதலாளி, சரி, ஒரு நாள் வந்து ஒரு வகுப்பு நடத்திக் காட்டுங்கள், முடிந்தால் அடுத்த பேட்ச் உங்களுடையது என்றார். முடியாது என்று தெரிந்தே சொன்னார். போகும்போது கடிகாரத்தை வாசல் திண்டில் வைத்துவிட்டே போனார்.

அந்த ஒரு வகுப்பு எப்படிப் போனது என்பதைச் சுருக்கமாகச் சொல்வதே மரியாதை. டீச்சர் பழைய பாடத்தை, பழைய மாதிரியே எடுத்தாள். அங்கேதான் தவறினாள். "ஹி புட் ஆன் ஹிஸ்" என்று ஆரம்பித்து நின்றாள். அவன் போட்டுக்கொண்டான், சரி, எதை? அடுத்த சொல் வரவேயில்லை. பழக்கத்தில் இடது கை விரல் உயர்ந்தது. வகுப்பு காத்திருந்தது. விரல் உயர்ந்தே இருந்தது. முன் வரிசையில் களுக்கென்று ஒரு சிரிப்பு. யாரோ 'ஷர்ட்' என்றார்கள், யாரோ 'ஷூ' என்றார்கள், பிறகு ஆளாளுக்குக் கத்தினார்கள். கடைசி பெஞ்சிலிருந்து கட்டைக் குரல் ஒன்று எல்லாருக்கும் பிந்தி, "கேப்," என்றது. முதலாளி உள்ளே வந்து அவள் முழங்கையைப் பிடித்து, போதும் டீச்சர், களைத்துவிட்டீர்கள் என்று கூட்டிக்கொண்டு போனார். கதவருகில் ஒரு பெண் குரல், "பாவம்," என்றது.

அந்தப் பாவம்தான் அவளைச் சுட்டது. தடுமாறியதைக்கூட அவள் பொறுத்துக்கொள்வாள். அன்று வீட்டுக்கு வந்து, நாத்தனாரைக் கிட்டே விடாமல் ரவிக்கைக் கொக்கிகளை ஒற்றைக் கையால் தானே கழற்றினாள். நாத்தனார் பொறுக்க மாட்டாமல் கொல்லைக்கும் கூடத்துக்கும் நடந்தாள். உதவப் போன இடத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதுதான் இந்த வேலையிலேயே கஷ்டமான வேலை. அதற்கு யாரும் பயிற்சி கொடுப்பதில்லை.

கடிகாரத்தை என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. வீட்டில் மாட்டினால் அவள் கழற்றச் சொல்வாள். தூக்கிப் போட யாருக்கும் மனம் வரவில்லை. கணவர் அதைப் பட்டறைக்குக் கொண்டுபோய் லேத்துக்கு மேலே மாட்டினார். அங்கே தூசி படிந்து தகட்டின் எழுத்து மங்கிப் போகும் என்று அவர் கணக்குப் போட்டிருக்கலாம், வாய்விட்டுச் சொல்லவில்லை.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, கட்டைக் குரல்காரன் வீட்டு வாசலில் வந்து நின்றான். லாரி டிரைவர். கதவை அடைக்கிற உடம்பு. கப்பல் சரக்குக் கம்பெனி ஒன்றில் டிரைவர் வேலைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போய்ப் போய்த் திரும்பியவன். நாத்தனார், அண்ணன் போனில் சொல்வதுபோலவே, "அவங்க ஓய்வெடுக்கிறாங்க," என்றாள். உள்ளேயிருந்து, "கம் இன்," என்று குரல் வந்தது. அவன் வந்தான். "சிட் டவுன்." உட்கார்ந்தான்.

"எனக்கு நீங்கதான் சொல்லித் தரணும் டீச்சர்," என்றான்.

நாத்தனார் அவனைத் தனியே கூப்பிட்டு நிலைமையை விளக்கப் பார்த்தாள். அவன் நகரவில்லை. "அதெல்லாம் நான் பார்த்தேன்கா. நானும் அங்கதான் இருந்தேன். ரெண்டு பேட்ச் படிச்சேன். இவங்ககிட்ட ஒண்ணு, புது சார்கிட்ட ஒண்ணு. எனக்குச் சொல்லு மெதுவாத்தான் வரும். வர்றதுக்குள்ள அடுத்த ஆள்கிட்டப் போயிடுவாங்க. இவங்களும் அப்படித்தான் போவாங்க, சொன்னா கோவிச்சுக்கக் கூடாது. அன்னைக்குத்தான் டீச்சர் விரலைத் தூக்கிட்டு நின்னாங்க. நானும் தேடினேன், கிடைச்சுது, சொன்னேன். அந்த மாடியில நான் வாயைத் திறந்தது அது ஒண்ணுதான்."

டீச்சர் அவனைப் பார்த்தபடியே இருந்தாள். இவனை எத்தனை தடவை உட்கார வைத்தோம் என்று நினைத்திருப்பாள். கண்ணீரெல்லாம் விடவில்லை. கோலை ஊன்றி எழுந்தாள்.

"ஏங்க. திறங்க."

"எதை?" என்றாள் நாத்தனார். "ஜன்னலையா? பீரோவையா? பெட்டியையா?"

டீச்சர் ஆள்காட்டி விரலைத் தூக்கினாள். நாத்தனாரின் மூக்குக்கு நேரே. கமா. நாத்தனார் வாயை மூடினாள். விரல் அப்படியே நின்றது. டிரைவர் நின்றான், கணவர் நின்றார், நாத்தனாருக்கு நெற்றி வேர்த்தது. டீச்சரின் உதடு அசைந்தது, நின்றது, மறுபடி அசைந்தது.

"பட்டறை," என்றாள்.

வீட்டை விட்டு வெளியே போனால்தான் காரியம் நடக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை லேத் ஓடாது. கணவர் பட்டறையைத் திறந்து, இரும்புச் சுருள்களைப் பெருக்கித் தள்ளி, மரப்பெட்டிகளை வரிசையாகப் போட்டார். டிரைவர் அடுத்த வாரம் தனக்குத் தெரிந்த ஆயா ஒருத்தியைக் கூட்டிவந்தான். அவள் ஒரு சமையல்காரரைக் கூட்டிவந்தாள். பிறகு டுடோரியலில் வாய் திறக்காதவர்கள் எல்லாம் ஒருவர் பின் ஒருவராக வந்து சேர்ந்தார்கள்.

டீச்சர் பட்டியலைத் தூக்கிப் போட்டாள். மனப்பாடம் கிடையாது. தளர்ந்த வலது கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு அவள் ஒரு வினையைச் சொன்னால், அது தனியாகவே நிற்கிற வினை. 'கெட் அப்' என்றால் எல்லாரும் எழ வேண்டும், 'டர்ன் அரவுண்ட்' என்றால் திரும்ப வேண்டும். எதை என்று கேட்க வேண்டியதில்லை. இடது கை நீண்டு ஒரு பொருளைக் காட்டினால், அது பொருளில்லாமல் நிற்காத வினை. 'பிக் இட் அப்' என்று ஸ்பேனரைக் காட்டுவாள். ஒருவர் போய் எடுப்பார். பிறகு விரல் உயரும். அது உயர்ந்திருக்கும்வரை எல்லாரும் அந்தப் பொருளின் பெயரைத் தேட வேண்டும், டீச்சர் உட்பட. யாரும் வாயைத் திறக்கக் கூடாது. விரல் இறங்கிய பிறகுதான் சொல்ல வேண்டும். முந்திரிக்கொட்டைகளுக்கு அங்கே வேலையில்லை. டிரைவருக்குத் தேவைப்பட்ட அவகாசம் அவனுக்குக் கிடைத்தது. பட்டறைச் சாமான்களுக்குப் பாதிக்குமேல் யாருக்கும் பெயர் தெரியாது என்பது இன்னொரு வசதி. சிரிக்க ஆளில்லை. தெரியாவிட்டால் கணவரைக் கேட்பார்கள். அவர் சொல்கிற பெயர் எந்த மொழி என்று அவருக்கே தெரியாது.

பெயர் வராததால் அவள் வாயில் எல்லாமே 'இட்' ஆயிற்று. டேக் இட் ஆஃப், புட் இட் டவுன், ஸ்விட்ச் இட் ஆன். அந்த 'இட்' நடுவில்தான் வர வேண்டும், 'புட் டவுன் இட்' என்று கடைசியில் வரக் கூடாது. முன்பு அதை எத்தனை தடவை சிவப்பு மையில் அடித்தாலும் திருந்தாதவர்கள், இப்போது அவள் வாயிலிருந்து வேறு மாதிரி கேட்டதே இல்லையாதலால் தப்புப் பண்ணத் தெரியாமல் போனார்கள். நடுவில் விடாத வினைகளும் உண்டு. ஆயா ஒரு நாள், வேலை செய்யும் வீட்டுப் பெரியம்மாவைப் பற்றி, "ஐ லுக் ஹெர் ஆஃப்டர்," என்றாள். டீச்சர் தலையை ஆட்டி, இரண்டு சொல்லையும் ஒட்டிக் காட்டினாள்: "லுக் ஆஃப்டர் ஹெர்." வாசற்படியில் டீ பிளாஸ்க்கோடு உட்கார்ந்திருந்த நாத்தனார், "பார்த்துக்கிறதுன்னா அப்படித்தான்மா, நடுவுல எவளையும் விடக் கூடாது," என்றாள். பட்டறை சிரித்தது. டீச்சரும் சிரித்தாள், வாய் ஒரு பக்கமாகத்தான் சிரித்தது, அதற்காக அவள் கையால் மறைத்துக்கொள்ளவில்லை.

ஒரு தடவை 'ஸ்டூல்' என்ற சொல் விரல் இறங்குவதற்கு முன்னால் அவளுக்கே வந்துவிட்டது. எல்லாரும் கை தட்டினார்கள். அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"தட்டாதீங்க. நான் என்ன நடக்கப் பழகுறேனா?" என்றாள். பிறகு யாரும் தட்டவில்லை. பெயர்கள் அப்படித்தான் எப்போதாவது ஒன்றிரண்டு திரும்பி வந்தன, மறுநாள் காணாமலும் போயின. அதை நம்பி அவள் எதையும் நிறுத்தி வைக்கவில்லை.

டிரைவர் சரக்குக் கம்பெனிக்கு மறுபடி போனான், மறுபடி தோற்றான். ஆனால் இந்தத் தடவை கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லித் தோற்றேன் என்று மார்தட்டிக்கொண்டான். ஆயாவுக்கு வேலை கிடைத்தது. பேட்டரிக் கடை மாடியில் மாலை வகுப்பில் பெஞ்சுகள் காலியாகத் தொடங்கின. அங்கேயிருந்துதான் முதலாளிக்குச் சேதி போயிருக்க வேண்டும்.

அவர் வந்தபோது வகுப்பு நடந்துகொண்டிருந்தது. எண்ணெய்க் கறை படாமல் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்று பார்த்தார். அவர் கண் ஆட்களை எண்ணியது. பிறகு லேத்துக்கு மேலே கடிகாரத்தைப் பார்த்து, மாட்டியிருக்கிறார்களே என்று தெம்படைந்தார்.

"கம் இன்," என்றாள் டீச்சர்.

அவர் உள்ளே வந்து எல்லார் முன்னிலையிலும் பேசினார். அன்றைக்கு அவசரப்பட்டுவிட்டேன் என்றார். டீச்சரின் இடம் மாடியில்தான், இந்த இரும்புக் குப்பையில் இல்லை என்றார். கணவர் இதைக் கேட்டு லேத்தைத் துணியால் துடைக்கத் தொடங்கினார். இதோ உட்கார்ந்திருப்பவர்களையும் கூட்டிக்கொண்டு டீச்சர் மாடிக்கு வந்துவிட வேண்டும், கரும்பலகை, மின்விசிறி எல்லாம் உண்டு. ஒரே ஒரு ஏற்பாடுதான். புது வாத்தியார் பக்கத்தில் நிற்பார்.

"நீங்க வினையைச் சொல்லுங்க டீச்சர். அவர் உடனே பெயரைச் சொல்லிடுவாரு. ஒரு நிமிஷம்கூட நீங்க தவிக்க வேண்டாம். பிள்ளைங்களுக்கும் நேரம் வீணாகாது."

மாடி வேண்டும் என்று அவள் எவ்வளவு ஆசைப்பட்டாள் என்று நாத்தனாருக்குத் தெரியும். கணவருக்கும் தெரியும். நாத்தனாரின் உதடு துடித்தது. எக்ஸ்சேஞ்சில் இருந்திருந்தால் இந்நேரம் இணைப்புக் கொடுத்திருப்பாள். டீச்சரின் விரல் எழாமலே அவள் வாயை இறுக மூடிக்கொண்டாள்.

"நிக்க வேண்டாம்," என்றாள் டீச்சர். "சொல்லவும் வேண்டாம். காத்திருக்கணும். அது உங்களால முடியுமா?"

முதலாளி, அதெப்படி, பணம் கட்டி வருகிறவர்கள் காத்திருப்பார்களா என்று ஆரம்பித்தார். டிரைவர் மரப்பெட்டியிலிருந்து எழப் போனான். டீச்சர் அவனைப் பார்த்து, "சிட் டவுன்," என்றாள். பிறகு முதலாளியின் பக்கம் திரும்பினாள். இடது கை நீண்டது. லேத்துக்கு மேலே.

"டேக் இட் டவுன்."

முதலாளிக்கு ஒரு கணம் புரியவில்லை. கணவருக்குப் புரிந்தது. துடைத்துக்கொண்டிருந்த துணியைப் போட்டுவிட்டு, ஸ்டூலைக் கொண்டுவந்து சுவரோரமாக வைத்தார். தான் ஏறாமல் விலகி நின்றார். விரல் நீண்டே இருந்தது. காத்திருப்பது எப்படி என்று அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும். முதலாளிக்குத்தான் தெரியவில்லை. இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். கடைசியில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஸ்டூலில் ஏறிக் கடிகாரத்தைக் கழற்றினார். தூசி அவர் சட்டையில் கொட்டியது. தகட்டின் எழுத்து அப்படியொன்றும் மங்கியிருக்கவில்லை.

விரல் இறங்கியது.

"கிளாக்," என்றார்கள் எல்லாரும்.

"டேக் இட் பேக்," என்றாள் டீச்சர். குரலை உயர்த்தவில்லை. "நான் இன்னும் முடிக்கலை."

முதலாளி கடிகாரத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் அதற்குள் வகுப்பின் பக்கம் திரும்பிவிட்டிருந்தாள். இடது கையால், சொல்லுங்கள் என்று காட்டினாள். யாரோ தயங்கித் தொடங்கினார்கள், மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள்.

"ஹி டுக் இட் டவுன்."

முதலாளி வாசலைத் தாண்டினார். செருப்பைத் தேடிக் காலை நுழைத்தார். இறந்தகாலத்தில் தன்னைப் பற்றி ஒரு கூட்டமே சொல்வதைக் கேட்டபடி தெருவில் இறங்கினார்.

"ஹி டுக் இட் பேக்."

தெருமுனையில் அவர் திரும்பி மறைந்தார். சுவரில் கடிகாரம் இருந்த இடம் வட்டமாக வெளுத்திருந்தது. மற்றவர்கள் ஓய்ந்தார்கள். டிரைவர் மட்டும் இன்னும் எதையோ தேடிக்கொண்டிருந்தான், புருவம் நெரிந்தது. டீச்சர் அவனுக்காக விரலை உயர்த்தினாள். உயர்த்தியபடியே இருந்தாள். வாசற்படியில் நாத்தனார் பிளாஸ்க்கின் மூடியைத் திருகாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். விரல் இறங்கியது.

"ஹி வென்ட் அவே," என்றான் அவன்.

டீச்சர் இடது கையால் வலது கையை எடுத்து மடியில் சரியாக வைத்துக்கொண்டாள்.

"கேரி ஆன்," என்றாள்.